மதில் காத்த நகரும் மனை காக்காத மொழியும்

முன்னுரை

அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில் உள்ள இடைக்காலத் துறைமுக நகரங்களை இன்று பெரும்பாலோர் உல்லாசக் கப்பலின் வழியாகவே அறிகின்றனர். காலையில் கப்பல் துறை சேர்கிறது, மாலையில் புறப்பட்டுவிடுகிறது. இடையில் கிடைக்கும் ஆறேழு மணி நேரத்தில் மதிலின் மேல் நடந்து, படம் பிடித்து, கடைத்தெருவைச் சுற்றி வந்தால் அன்றைய பயணம் நிறைவடைகிறது. அந்தச் சிறுபொழுதிலும் ஒரு நகரத்தை வரலாற்று நூலாக வாசிக்க முடியும் என்பதே இவ்வுரையின் அடிப்படைக் கருத்து.

நாம் எடுத்துக்கொள்ளும் நகரம் துப்ரோவ்னிக். இன்றைய குரோவேசியாவின் தென்கோடியில் அது அமைந்துள்ளது. ஏறத்தாழ 1,940 மீட்டர் நீளமுள்ள கருங்கல் நிற மதிலன்று, வெண்சுண்ணாம்புக் கல்லால் ஆன மதில் அதனைச் சூழ்ந்து நிற்கிறது. சில இடங்களில் அதன் உயரம் 25 மீட்டர். நிலத்தை நோக்கிய பக்கத்தில் அதன் தடிப்பு 4 முதல் 6 மீட்டர் வரை. இம்மதிலைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். ஆயினும், இம்மதிலுக்குள் பல நூற்றாண்டுகள் பேசப்பட்டு, மதில் நிற்கும்போதே மறைந்துபோன ஒரு மொழி உண்டு என்பதை அறிந்து திரும்புவோர் மிகச் சிலரே.

தன்னாட்சி, செல்வம், சட்டமன்றம், நீதிமன்றம், பள்ளிக்கூடம் ஆகிய அனைத்தும் அந்நகரிடம் இருந்தன. மொழியைக் காக்க வேண்டும் என்னும் எண்ணமும் அதன் ஆட்சியாளரிடம் இருந்தது. அவ்வாறாயின் அம்மொழி ஏன் மறைந்தது? மொழி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருக்கும் இவ்வவையில் இக்கேள்வியை எழுப்புவது பொருத்தமாகும் என நாம் கருதுகிறோம்.

ஒரு நகரம், இரண்டு பெயர்கள்

துப்ரோவ்னிக்கின் பழைய பெயர் ரகூசா. ஏழாம் நூற்றாண்டில் அவார்களும் ஸ்லாவியரும் பால்கன் நிலப்பகுதிக்குள் புகுந்தபோது, அருகிலிருந்த எபிடாரம் என்னும் உரோமானிய நகரத்து மக்கள் தப்பிவந்து கடலோரப் பாறை ஒன்றில் குடியேறினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பத்தாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மகனுக்காகத் தொகுத்த ஆட்சி நூலில் இந்நகரின் பெயருக்கு விளக்கம் தந்துள்ளார். செங்குத்துப் பாறையைக் குறிக்கும் 'லாவ்' என்னும் சொல்லிலிருந்து 'லாவுசா' பிறந்தது என்றும், லகரம் ரகரமாகத் திரிந்து 'ராவுசா' ஆயிற்று என்றும் அவர் கூறுகிறார். ஒரு பேரரசர் சொல்லாராய்ச்சியில் ஈடுபட்ட அரிய சான்று இது.

பாறைக்கு எதிரே, மலையடிவாரத்தில், ஸ்லாவியர் குடியிருப்பு ஒன்று எழுந்தது. ஸ்லாவிய மொழியில் 'துப்ராவா' என்றால் கருவாலி மரச் சோலை. துப்ரோவ்னிக் என்னும் பெயர் அச்சொல்லின் அடியாகப் பிறந்தது. பாறையூருக்கும் சோலையூருக்கும் இடையிலிருந்த ஆழமற்ற நீர்ப்பகுதி காலப்போக்கில் தூர்க்கப்பட்டு இரண்டும் ஒன்றாயின. இன்று பயணிகள் நடக்கும் பளபளப்பான நடுத்தெரு, அந்நீர்ப்பகுதி இருந்த இடமே. 1979ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் பேராலயத்தின் அடியில் நடந்த அகழாய்வு, பைசாந்தியக் காலத்துத் தேவாலயம் ஒன்றின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தது. ஆகவே, அகதிகள் அமைத்த சிற்றூர் என்னும் பழங்கதை முழு வரலாறு அன்று. அவ்விடத்தில் அக்காலத்திலேயே குறிப்பிடத்தக்க குடியிருப்பு இருந்திருக்க வேண்டும்.

இரண்டு பெயர்களும் ஒரே ஆவணத்தில் இடம்பெறுவதையும் காண்கிறோம். 1189ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், போஸ்னியாவின் ஆட்சியாளர் குலின், இந்நகர வணிகர்கள் தம் நாட்டில் தடையின்றி வணிகம் செய்யலாம் என்று ஒப்பந்தம் எழுதித் தந்தார். அது இலத்தீனிலும் ஸ்லாவிய மொழியிலும் எழுதப்பட்டது. இலத்தீன் பகுதி ரகூசா என்று சொல்லும் நகரத்தவரை, ஸ்லாவியப் பகுதி துப்ரோவ்னிக்கினர் என்று சொல்கிறது. ஒரே தாளில் இரு மொழிகள், இரு பெயர்கள், ஒரே மக்கள்.

இவ்விரட்டைப் பெயர் வழக்கம் அக்கரை முழுவதும் உண்டு. உல்லாசக் கப்பல்கள் அடுத்து நிற்கும் கோட்டோர் நகரம் இத்தாலியரிடையே கத்தாரோ எனப்பட்டது. மலைமீது ஏறிச் செல்லும் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் மதிலும், 1166இல் திருநிலைப்படுத்தப்பட்ட திரிபோன் பேராலயமும் அங்குள்ளன. ஸ்பிலிட் நகரம் ஸ்பலாத்தோ எனவும், கிர்க் தீவு வெலியா எனவும் வழங்கின. நிலப்படத்தில் இப்பெயர் இணைகளைக் காணும்போது, அங்கே இரு மொழியினர் அடுத்தடுத்து வாழ்ந்தனர் என்பதை மாணவர்கள் உய்த்துணரலாம்.

மதிலுக்குள் ஓர் அரசு

ரகூசா 1205 முதல் 1358 வரை வெனிஸின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்தது. அதன்பின் ஹங்கேரிய மன்னரைப் பெயரளவில் ஏற்றுக்கொண்டு தன்னைத் தானே ஆண்டது. பின்னர் உதுமானியப் பேரரசு எழுந்தபோது அதனோடு போரிடவில்லை, திறை செலுத்தியது. ஆண்டுக்கு 12,500 தங்கக் காசுகள் என அத்திறை நிலைபெற்றது. அதற்கு ஈடாகப் பேரரசின் எல்லைக்குள் வணிகம் செய்யும் உரிமை கிடைத்தது. படைவலியால் அன்றிப் பேச்சுவன்மையால் வாழ்ந்த அரசு அது. 1808இல் நெப்போலியனின் படைத்தலைவர் மார்மோன் அக்குடியரசைக் கலைக்கும் வரை அது நிலைத்தது.

நகரத் தலைவர் ஒருவரே என்றாலும் அவர் பதவிக்காலம் ஒரு திங்கள் மட்டுமே. அக்காலத்தில் அவர் அரண்மனையிலேயே தங்க வேண்டும். தனியொருவர் கையில் அதிகாரம் குவியாதிருக்க மேற்குடியினர் கண்ட வழி அது. 1317இல் பிரான்சிஸ்கத் துறவியர் மடத்தில் மருந்தகம் ஒன்று தொடங்கப்பட்டது. அது இன்றும் இயங்குகிறது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நன்னீரைக் கொண்டுவரும் கால்வாய் 1430களில் அமைக்கப்பட்டது. மேற்கு வாயிலுக்குள் நுழைந்தவுடன் பயணிகள் நீர் அருந்தும் பெரிய வட்ட நீரூற்று அக்கால்வாயின் முடிவிடமாகும்.

1377இல் ரகூசாவின் பேரவை இயற்றிய சட்டம் ஒன்று நம் கவனத்திற்குரியது. கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர், மிர்க்கான் என்னும் சிறு தீவிலோ அருகிலுள்ள சாவ்தாத் ஊரிலோ ஒரு திங்கள் தங்கியிருந்த பின்னரே நகருக்குள் வரலாம் என அது விதித்தது. முப்பது நாள் பிற்காலத்தில் நாற்பது நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் வெனிஸ் நகரத்து வழக்கிலிருந்தே 'குவாரண்டைன்' என்னும் சொல் உலக மொழிகளுக்குப் பரவியது. செயல் ரகூசாவினுடையது, சொல் வெனிஸினுடையது. அச்சொல் நமக்குப் புதிதன்று. தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் பலர், பினாங்கின் ஜெரெஜாக் தீவிலும் சிங்கப்பூரின் செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் தடுத்து வைக்கப்பட்ட பின்னரே கரையேறினர். அட்ரியாட்டிக் கரையில் எழுந்த வழக்கம் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் நம் குடும்ப வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது.

ஓர் ஆசிரியர் எழுதிவைத்த நான்கு சொற்கள்

இந்நகரத்தின் சட்டங்கள் இலத்தீனில் எழுதப்பட்டன. இத்தாலிய வணிகரோடு இத்தாலிய வழக்குகளிலும், பால்கன் மன்னரோடு ஸ்லாவிய மொழியிலும் கடிதங்கள் எழுதப்பட்டன. இவை எழுத்து மொழிகள். நகரத்தின் பழங்குடியினர் பேசிய மொழியோ வேறு. இலத்தீனிலிருந்து அக்கரையில் தனித்து வளர்ந்த அம்மொழியை மொழியியலார் டால்மேசியம் என்று அழைக்கின்றனர். அதன் ரகூசா வழக்கில் நூல் ஏதும் இயற்றப்படவில்லை. எழுதுவோர் இலத்தீனையே நாடினர். தாம் பேசும் மொழியை எழுத்துக்குரியதாகக் கருதவில்லை.

அவ்வழக்கைப் பற்றிய மிகத் தெளிவான சான்றைத் தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். இத்தாலியின் லூக்கா நகரைச் சேர்ந்த பிலிப்போ தெ திவெர்சிஸ், ரகூசாவின் இலக்கணப் பள்ளிக்குத் தலைமை ஏற்க வந்தவர். 1440ஆம் ஆண்டு அவர் எழுதிய நகர வருணனையில், நீதிமன்றங்களில் வழக்குரைப்போர் பேசும் மொழி தமக்கு விளங்கவில்லை என்னும் வியப்போடு சில சொற்களைக் குறித்துவைத்தார். ரொட்டிக்குப் 'பென்', தந்தைக்குத் 'தேதா', வீட்டுக்குக் 'கேசா', செய்தல் என்பதற்கு 'ஃபாக்கிர்'. அவர் எழுதியிராவிட்டால் அந்நகரத்தின் நாவிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் சான்று இன்னும் சுருங்கியிருக்கும்.

'ஃபாக்கிர்' என்னும் சொல்லைச் சற்று நோக்குவோம். இதன் மூலமாகிய இலத்தீன் சொல் 'ஃபாக்கெரே'. பழைய இலத்தீனில் எகர, இகர உயிர்களுக்கு முன்னும் ககரம் ககரமாகவே ஒலித்தது. இத்தாலியத்தில் அவ்விடத்துக் ககரம் சகரமாகத் திரிந்துவிட்டது. இரவு உணவைக் குறிக்கும் 'கேனா' என்னும் இலத்தீன் சொல் இத்தாலியத்தில் 'சேனா' ஆயிற்று. டால்மேசியமோ எகரத்தின் முன் பழைய ககரத்தைக் காத்துக்கொண்டது. வடக்கே கிர்க் தீவில் வழங்கிய அதன் வழக்கில் இரவு உணவு 'கைனா'. பத்து என்னும் எண் 'திக்'.

தமிழ் மாணவர்க்கு இம்மாற்றம் எளிதில் விளங்கும். முன்னுயிர்களுக்கு முன் ககரம் சகரமாவதை அண்ணமயமாதல் என்பர். கன்னடத்தில் 'கிவி' என்பது தமிழில் 'செவி' ஆனதும், அசோகரின் கல்வெட்டுகளில் கேரளபுத்திரர் என்று குறிக்கப்படுவோர் தமிழில் சேரர் ஆனதும் இவ்வகைத் திரிபே. கன்னடம் பழைய ஒலியைக் காத்தது, தமிழ் திரிந்தது. அங்கே டால்மேசியம் காத்தது, இத்தாலியம் திரிந்தது. மனித நாவின் இயல்பு ஒன்றாக இருப்பதால், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மொழிகளிலும் ஒரே வகை மாற்றம் நிகழ்கிறது.

பேரவையும் மடியும்

திவெர்சிஸ் எழுதிய காலத்திலேயே அம்மொழி நீதிமன்றத்தின் மொழியாகச் சுருங்கத் தொடங்கியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அது கடைத்தெருவில் கேட்டதாக அவர் எழுதவில்லை. நீதிபதிகளும் வழக்குரைஞர்களும் பேசியதாகவே எழுதினார். இல்லங்களில் என்ன நிகழ்ந்தது?

1348இல் கொள்ளைநோய் அந்நகரத்தைத் தாக்கியது. மாண்டோரின் இடத்தை நிரப்ப உள்நாட்டிலிருந்து ஸ்லாவிய மொழி பேசும் மக்கள் வந்து குடியேறினர். தொழிலாளர், கைவினைஞர், மாலுமியர் என அவர்கள் பெருகினர். மேற்குடியினரின் இல்லங்களில் சமைத்தவர்களும் குழந்தைகளுக்குப் பாலூட்டியவர்களும் பெரும்பாலும் உள்நாட்டுப் பெண்கள். அவர்களுள் சிலர் விருப்பத்தோடு பணிக்கு வந்தவர்கள். பலர் போஸ்னியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவ்வணிகம் இழிவானது என்று கூறி 1416ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் ரகூசாவின் பேரவை அதனைத் தடை செய்தது. அக்கால ஐரோப்பாவில் அது முன்னோடிச் சட்டம். ஆயினும், அப்பெண்களின் மொழி அதற்கு முன்பே இல்லங்களின் உள்ளறைகளுக்குள் புகுந்துவிட்டது. மேற்குடிப் பிள்ளைகள் தந்தையின் மொழியைப் பேரவைக்குச் செல்லும் வயதில் கேட்டனர். செவிலியின் மொழியைத் தொட்டிலிலேயே கேட்டனர்.

இந்நிலை முற்றியபோதுதான் பேரவை விழித்துக்கொண்டது. 1472இல் அது ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பேரவை விவாதங்களில் ஸ்லாவிய மொழியைப் பேசலாகாது என்றும், பழைய ரகூசா மொழிக்கே அங்கு இடம் என்றும் முடிவு செய்யப்பட்டது. இத்தீர்மானத்தை மொழியியலார் வேறொரு கோணத்திலும் வாசிப்பர். ஒரு செயலைச் சட்டம் தடுக்கிறது என்றால், அச்செயல் பரவலாக நடந்துகொண்டிருந்தது என்பதே பொருள். பேரவையில் ஸ்லாவிய மொழி ஒலித்ததால்தான் தடை தேவைப்பட்டது. அங்கு ஒலிக்கத் தொடங்கிவிட்டது என்றால், இல்லத்தில் அது எப்போதோ வென்றுவிட்டது.

தீர்மானம் நிறைவேறிய காலத்தில் ஈலியஸ் லாம்ப்ரிடியஸ் செர்வா ஒன்பது வயதுச் சிறுவர். பின்னாளில் உரோமையில் கவிஞராக முடிசூட்டப்பெற்று, இலத்தீனில் கவிதை இயற்றியவர் அவர். தம் இளமையில் முதியோர் சிலர் அம்மொழியில் வழக்குரைத்ததை நினைவுகூர்ந்து அவர் எழுதினார். மேற்குடியில் பிறந்த கற்றறிந்த ஒருவருக்கே அது முதியோரின் மொழியாக, கேட்ட நினைவாக மட்டும் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ரகூசா வழக்கு முற்றிலும் மறைந்தது. அதைக் கொல்ல எந்தப் படையும் வரவில்லை. மதிலில் ஒரு கல்லும் அதற்காகப் பெயரவில்லை.

இதனை வெறும் அழிவின் கதையாகச் சொல்லி முடிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பேரவை தடுக்க முயன்ற ஸ்லாவிய மொழி, அதே நகரத்தில் பேரிலக்கியமாக மலர்ந்தது. மரின் திர்ஷிச் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் அம்மொழியில் எழுதிய நகைச்சுவை நாடகங்கள் இன்றும் மேடையேறுகின்றன. 1589 முதல் 1638 வரை வாழ்ந்த இவான் குண்டுலிச் பெருங்காப்பியம் இயற்றினார். அவர் சிலை நிற்கும் சதுக்கத்தில்தான் இன்று காலைச் சந்தை கூடுகிறது. செவிலியரும் பணிப்பெண்களும் பேசிய மொழிக்குச் சட்டத்தின் துணை இல்லை, பட்டமும் இல்லை. குழந்தையின் காதில் முதலில் விழும் வாய்ப்பு மட்டுமே அதற்கு இருந்தது. அவ்வொரு வாய்ப்பே போதுமானதாயிற்று.

கடைசிக் குரல்

ரகூசாவில் மறைந்த பின்னும் டால்மேசியம் வடக்கே கிர்க் தீவில் மேலும் மூன்று நூற்றாண்டுகள் உயிர் வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதனை அறிந்தவராக ஒருவரே எஞ்சினார். அவர் பெயர் துவோனே உதாய்னா. 1897இல் மத்தேயோ பார்த்தோலி என்னும் இளம் மொழியியலாளர் அவரைத் தேடிச் சென்று, ஏறத்தாழ 2,800 சொற்களையும் அவர் கூறிய கதைகளையும் வாழ்க்கைச் செய்திகளையும் எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு சூன் 10ஆம் நாள், சாலைப் பணியில் நேர்ந்த வெடிவிபத்தில் உதாய்னா இறந்தார். ஒரு மொழி மறைந்த நாளைத் துல்லியமாகச் சொல்ல முடிவது உலக வரலாற்றில் அரிது. பார்த்தோலியின் ஆய்வு 1906இல் செருமன் மொழியில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. இன்று டால்மேசியம் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அந்த ஒரு முதியவரின் நினைவிலிருந்து வந்ததே.

பார்த்தோலி சந்தித்தபோது உதாய்னாவின் செவி மங்கியிருந்தது, பற்கள் இல்லை, அம்மொழியில் உரையாட ஆளின்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. இவற்றினும் முக்கியமான ஒரு செய்தி உண்டு. அவர் அம்மொழியைத் தம்மிடம் பேசக் கேட்டு வளர்ந்தவர் அல்லர். அவருடைய பெற்றோர் தமக்குள் தனியாக உரையாடும்போது அம்மொழியைப் பயன்படுத்தினர். சிறுவர் அதை ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டார். பிள்ளையிடம் பேச வேறு மொழி. பெற்றோர் தமக்குள் பேச இம்மொழி. ஒரு மொழியின் இறுதிக் கட்டம் இவ்வாறே அமைகிறது. பேரவையிலிருந்து நீதிமன்றத்திற்கும், அங்கிருந்து முதியோர் நாவிற்கும், முடிவில் பெற்றோரின் மெல்லிய பேச்சிற்கும் அது சுருங்குகிறது.

தெருவில் எஞ்சியிருப்பவை

மறைந்த மொழி சுவடின்றி மறைவதில்லை. ஆறு மணி நேரம் மட்டுமே தங்கும் பயணியும் துப்ரோவ்னிக்கில் அதன் சுவடுகளைக் கேட்கலாம்.

பெரிய கப்பல்கள் குரூஷ் துறைமுகத்தில் நிற்கின்றன. அங்கிருந்து பேருந்தில் வருவோர் இறங்குமிடம் 'பிலே'. அது வாயிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அகன்ற நடுத்தெருவுக்கு வழங்கும் 'ஸ்திராதுன்' என்னும் பெயர், பெருந்தெருவைக் குறிக்கும் வெனிஸ் வழக்கு. எதிரே தெரியும் லோக்ரும் தீவின் பெயரைப் புளிப்புக் கனிகளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு இணைப்பர். பழைய எபிடாரம் இருந்த இடத்திலுள்ள சாவ்தாத், நகரம் என்னும் பொருளுடைய இலத்தீன் 'கிவித்தாத்தெம்' என்பதன் திரிபு. அக்கரையோரத்தில் 'சுத்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் பல உள்ளன. சுதிவான் என்பது புனித யோவான். மொந்தெனேகுரோவில் உள்ள சுதோமோரே என்பது புனித மரியா. இலத்தீனில் 'சாங்க்துஸ்' எனப்படும் 'புனித' என்னும் அடைமொழி டால்மேசியத்தின் வழியாக வந்து ஊர்ப்பெயர்களில் உறைந்துவிட்டது. இன்றைய பேச்சில் அது தனிச்சொல்லாக வழங்குவதில்லை.

சந்தைக்குச் சென்றால் இன்னும் நெருக்கமான சான்று கிடைக்கும். வெங்காயத்திற்குக் குரோவேசியப் பொதுமொழியில் 'லூக்' என்னும் ஸ்லாவியச் சொல் வழங்க, கரையோர மக்கள் 'கபுலா' என்கின்றனர். இலத்தீன் 'கெபுல்லா', இத்தாலியத்தில் 'சிப்போல்லா'. ககரத்தைக் காத்து நிற்பதால் 'கபுலா' இத்தாலியரிடமிருந்து வந்ததன்று. அழிந்துபோன டால்மேசியத்தின் எச்சம். நீதிமன்றத்தில் திவெர்சிஸ் கேட்ட 'ஃபாக்கிர்' என்னும் சொல்லில் ஒலித்த அதே பழைய ககரம், ஐந்நூற்றாண்டுகளுக்குப் பிறகும் காய்கறிக் கூடையருகே ஒலிக்கிறது. பாய்மரத்தைக் குறிக்கும் 'யார்போல்', கணவாயைக் குறிக்கும் 'லிக்னியே' ஆகியவையும் அவ்வழி வந்தவையே. மலாய் மொழியில் 'காப்பால்' என்றும் 'கெடாய்' என்றும் வழங்கும் சொற்களில் கப்பலும் கடையும் இருப்பதை நாம் அறிவோம். கடலோரச் சமுதாயங்களில் மொழிகள் பொருளோடு பொருளாகக் கைமாறுகின்றன.

கட்டடங்களையும் இவ்வாறே வாசிக்க வேண்டும். நடுத்தெருவின் இருமருங்கும் ஒரே அளவில் நிற்கும் வீடுகளை இடைக்காலத்தவை என்று பயணிகள் எண்ணுகின்றனர். 1667ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் நகரின் பெரும்பகுதி இடிந்தது. அவ்வீடுகள் அதன்பின் ஒரே திட்டப்படி எழுப்பப்பட்டவை. கூரைகளைப் பார்த்தால் சில ஓடுகள் மங்கியும் பல ஓடுகள் பளிச்சென்றும் தோன்றும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் நகர் முற்றுகையிடப்பட்டபோது பழைய நகரிலிருந்த 824 கட்டடங்களுள் 563 கட்டடங்கள் குண்டடிபட்டன. புதிய ஓடுகள் அப்போரின் சான்று.

மற்றொரு மாற்றம் இப்போது நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 1991இல் மதிலுக்குள் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்தனர். இன்று 2,000 பேர்கூட இல்லை. வீடுகள் பயணிகளின் விடுதி அறைகளாகிவிட்டன. நெரிசலைக் குறைக்க, ஒரே நேரத்தில் வரும் உல்லாசக் கப்பல்களை இரண்டாக மட்டுப்படுத்த நகராட்சி முனைந்துள்ளது. கல்லைக் காக்க இது உதவும். மதிலுக்குள் குழந்தைகள் பிறந்து, பேசி, விளையாடி வளராவிட்டால் 'கபுலா' என்று சொல்லும் நாவும் அங்கு இராது.

நிறைவுரை

ரகூசாவின் பேரவை செய்த பிழை சட்டம் இயற்றியதன்று. மொழிக்குச் சட்டமும் தகுதியும் வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக விளங்குவதும், மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் இயங்குவதும் நமக்கு வாய்த்த மதில்கள். அவற்றை இழந்த மொழிச் சமுதாயங்கள் படும் பாட்டை மொழியியலார் நன்கறிவர். பேரவையின் பிழை, மொழி எங்கே தேய்ந்துகொண்டிருந்தது என்பதைக் காணாதது. தேய்மானம் தொட்டிலருகே நிகழ, மருந்து பேரவை மண்டபத்தில் இடப்பட்டது.

ரகூசாவுக்கும் நமக்கும் வேறுபாடுகள் உண்டு. எழுதப்படாத சிறு வழக்கு அது. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடையது தமிழ். உலகில் தமிழ் மறைந்துவிடும் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் ஒரு மொழி உலகில் வாழ்வது வேறு. ஒரு குடும்பத்தில் வாழ்வது வேறு. நம் இல்லங்கள் பலவற்றில் தாத்தாவும் பாட்டியும் தமக்குள் தமிழில் பேசுகின்றனர். பெற்றோர் அவர்களிடம் தமிழில் மறுமொழி கூறுகின்றனர். பிள்ளையை நோக்கித் திரும்பியதும் மொழி மாறிவிடுகிறது. அப்பிள்ளைக்குப் பள்ளியில் தமிழ்ப் பாடம் உண்டு, தேர்வு உண்டு. ஆனால், தன்னை நோக்கிப் பேசப்பட்ட தமிழ் அதனிடம் குறைவு. உதாய்னா கேட்டு வளர்ந்த முறை அதுவே.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள், பாடம் ஒப்படைக்கும் நாளில் பெற்றோரிடம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதோடு, வீட்டில் எந்த வேளையில், எவர், பிள்ளையிடம் தமிழில் பேசுகின்றனர் என்பதையும் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறோம். மாணவர்கள் தம் பாட்டியின் வாயில் மட்டும் வழங்கும் சொற்களைத் திவெர்சிஸைப் போல எழுதிவைக்கலாம். அவர் எழுதியவை நான்கே சொற்கள். ஆயினும் ஒரு நகரத்தின் நாவைப் பற்றி அவை இன்றும் சான்று சொல்கின்றன. எழுதிவைப்பதோடு நில்லாமல் அச்சொற்களைப் பாட்டியிடமே பேசியும் பார்க்கலாம். உதாய்னாவிடமிருந்து பார்த்தோலி எழுதிக்கொண்ட சொற்களுள் இரவு உணவைக் குறிக்கும் 'கைனா'வும் ஒன்று. அச்சொல் ஆய்வு நூலில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி உணவுக்கு அழைக்கத்தான் எவரும் இல்லை.